அந்தச் செவலையை வாங்காதே

அம்மாடி,

நீ அனுப்பிய இரண்டு குதிரைகளையும் பார்த்துவிட்டேன். என் போன் திரை சின்னது, கண்ணும் முன்போல் இல்லை. அதனால் மார்சிலிங்கிலிருந்து ரயில் ஏறி, லிட்டில் இந்தியாவில் காதர் பாய் கடைக்கு வந்து, அவருடைய பெரிய திரையில் போட்டுக் காட்டச் சொன்னேன். அத்தரும் தொப்பியும் பேரீச்சம்பழமும் விற்கிற கடை. வெளியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகிறது, உள்ளே இரண்டு கிழவர்கள் உட்கார்ந்து, உன் பக்கம், மெல்பர்னுக்கு வடக்கே எங்கேயோ ஒரு குதிரை தகரப் பீப்பாயைச் சுற்றி ஓடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அத்தர் வாங்க வந்த ஒருத்தர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், குதிரையில காசு கட்டுறீங்களா?" என்றார். "அட போங்க. இவரு மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். நாலு காலு, நல்ல குடும்பம்," என்றார் பாய். வந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பாய்தான் எழுதுகிறார், எழுதியதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். "அண்ணே, நீங்க பேசுறபடியே எழுதவா, நல்ல தமிழ்ல எழுதவா?" என்று கேட்டார். "என் மக பள்ளிக்கூடத்துல தமிழ் படிச்சவ. நல்லாவே எழுதுங்க. ஆனா நான் சொல்லாததை ஒண்ணும் சேர்க்காதீங்க," என்றேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் பேசிவிடுவாய். உன் குரல் கொஞ்சம் கம்மினால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று வைத்துவிடுவேன். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்கிறேன். அந்தச் செவலையை வாங்காதே. அந்தப் பழுப்பு நிறப் பெண்குதிரையை வாங்கு, இல்லாவிட்டால் இந்த வருஷம் எதையும் வாங்காதே. ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்காமல் நீ ஒரு வாய் சோறுகூட வாங்கிக்கொண்டதில்லை.

செவலையின் படத்தை அனுப்பியபோது நீ சொன்னது ஒரே வார்த்தைதான். "ப்பா, இது யாரு மாதிரி இருக்குன்னு பாருங்க." பார்த்தேன். நெற்றியில் அதே வெள்ளை, மூக்கை நோக்கி ஒழுகி வந்து பாதியில் காய்ந்துபோன மாதிரி. பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்புகிற அந்தத் திமிர்கூட இருக்கிறது. பாய் திரையை அப்படியே நிறுத்திவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். நம் கொட்டிலில் இருந்த துரையை உரித்து வைத்த மாதிரி இருக்கிறது, அம்மா. என்னை முதலில் பயமுறுத்தியது அதுதான்.

துரை போன விதம் உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டுத் தெரிந்துகொண்டாய், நான் நின்று பார்த்தேன். நான் குதிரை பார்த்துக்கொண்ட பந்தயத் திடல் மூடப்போகிறது என்று ஆன பிறகு குதிரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லாரியில் ஏற்றிச் சாங்கி விமான நிலையத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே சரக்கு விமானத்தில் வைக்கிற பெட்டிக்குள் நிறுத்தி, கதவு மூடுகிறவரை கழுத்தைத் தடவிப் பேசிக்கொண்டு நிற்போம். மூடிய பிறகு உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வரும். இங்கே கொட்டில்கள் காலியாகிக்கொண்டே வந்தன. துரை விடிந்ததும் கூப்பிடுவான், பக்கத்துக் கொட்டிலில் பதில் சொல்ல ஆள் இருக்காது. நீ தினமும் போன் பண்ணினாய். "ப்பா, துரையை இங்க அனுப்பிருங்க, நான் வெச்சுக்கறேன். புல்லு அவ்வளவு இருக்கு இங்க." எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் அவன் முன்னங்கால் குளம்புக்குள் எலும்பு இறங்கிவிட்டது. கால்நடை டாக்டர் சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். மண்டி போட்டு உட்கார்ந்து காலைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: "அங்கிள், பிளேன்ல அத்தனை மணி நேரமும் நின்னுக்கிட்டே போகணும். இந்தக் காலோட அனுப்புறது பாவம்." அவர் சொன்னது சரி. அதில் யார்மீதும் எனக்கு வருத்தம் கிடையாது.

அனுப்பவும் வழியில்லை, இங்கே வைக்கவும் இடமில்லை. உயிரை முடிக்கிற ஊசி போட்டதும் முதலில் முழங்கால்கள் மடியும். கயிற்றைப் பிடித்திருக்கிறவன் அந்த நேரத்தில் பின்வாங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன்மேல் விழுந்துவிடும். இது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அத்தனை வருஷம் பழகியவன் என் பக்கம் சாய்ந்தபோது, நான் பின்னால் ஓர் எட்டு எடுத்து வைத்தேன். சிலபேர் வால்மயிரை வெட்டி வைத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இதையெல்லாம் உன்னை அழவைக்கச் சொல்லவில்லை. துரையை அனுப்ப முடியாமல் போனதிலிருந்து நீ அவனைத் தேடிக்கொண்டே இருக்கிறாய். இப்போது அவன் முகத்தோடு ஒன்று கிடைத்துவிட்டது. பந்தயத்தில் ஓடி முடித்தது, யாருக்கும் வேண்டாமல் கிடப்பது. நாம் எடுக்காவிட்டால் அதையும் முடித்துவிடுவார்கள் என்று நினைக்கிறாய். அப்பாவுக்கும் ஒரு ஆறுதல் என்று நினைக்கிறாய். அம்மா, இரக்கப்பட்டுச் சோறு போடலாம். இரக்கப்பட்டு மேலே ஏறக்கூடாது. அதைத் தோட்டத்தில் விட்டுப் புல் போட்டு வளர்க்கிறேன் என்று நீ சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ அதன்மேல் ஏறி உட்கார்ந்து, முழு ஓட்டத்தில் மூன்று பீப்பாயைச் சுற்றப்போகிறேன் என்கிறாய்.

"ப்பா, நீங்க ரேஸ் குதிரை மட்டும்தான் பாத்திருக்கீங்க, இது வேறப்பா" என்று போன வாரம் சொன்னாய். நீ சொல்வது சரி. பீப்பாய்ப் பந்தயம் எனக்குத் தெரியாது, உன்னால்தான் இந்த வயசில் தெரிந்துகொண்டேன். வாசல் வழியாகப் பாய்ந்து வர வேண்டும், முதல் பீப்பாயை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மற்ற இரண்டையும் இடப்பக்கமாக, பிறகு வந்த வழியே வாசலுக்கு ஓட வேண்டும், பீப்பாய் விழக்கூடாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆனால் கால் எனக்குத் தெரியும். எந்தப் பந்தயமானாலும் குதிரை காலால்தான் ஓடுகிறது.

நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது காலையில் நான் காப்பி குடிக்காமல் கொட்டிலுக்குப் போவேன். உன் அம்மா கத்துவாள். "ஒரு வாய் குடிச்சிட்டுப் போனா குதிரை கோவிச்சுக்குமா?" சூடான குவளையைப் பிடித்த கை பொய் சொல்லும். குதிரையின் காலில் சூடு இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அது கொட்டிலை விட்டு நகர்வதற்கு முன்னால், ஒரே கையால் இரண்டு காலையும் மாற்றி மாற்றி. உள்ளே எங்கேயாவது நோவு தொடங்கியிருந்தால் ஒரு கால் மற்றதைவிட ஒரு மயிரிழை சூடாக இருக்கும். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். ஆள் பார்க்க வருகிறபோது அந்தக் காலுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் பிடித்துவிடுவார்கள். சூடும் இறங்கிவிடும், வீக்கமும் வடிந்துவிடும்.

செவலை நிற்கிற படத்தைத் திரும்ப எடுத்துப் பார். தரை காய்ந்து புழுதியாகக் கிடக்கிறது. உடம்பு காய்ந்திருக்கிறது. மூன்று கால்கள் காய்ந்திருக்கின்றன. வலது முன்னங்கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே நனைந்து கறுத்திருக்கிறது. நான் பாயிடம் காட்டினேன். "சேறா இருக்கும்லா அண்ணே," என்றார். சேறாக இருந்தால் குளம்பில்தான் முதலில் ஒட்டும், குளம்பு சுத்தமாக இருக்கிறது. விற்கிறவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. சேற்றைக் கழுவியும் விட்டிருக்கலாம். ஆனால் உன் உயிரை அந்த 'இருக்கலாம்' மேல் நான் உட்காரவைக்க மாட்டேன்.

இன்னொன்று. நீ அனுப்பிய ஓட்டப் படங்களில் ஒன்றில்கூடச் செவலை வாசல் வழியாக நுழைவது இல்லை. எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது பீப்பாயிலிருந்துதான் படமே தொடங்குகிறது. இடப்பக்கம் திரும்புவதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். வலப்பக்கம் திரும்புவதைக் காட்டவே இல்லை. உன் பக்கத்துத் திடல்களிலும் இங்கே மாதிரி இடப்பக்கமாகத்தான் ஓடுவார்கள், செவலையும் அப்படி ஓடியதுதான் என்று நீதான் விசாரித்துச் சொன்னாய். வாழ்க்கை முழுக்க இடப்பக்கமே திரும்பி ஓடிய குதிரைக்கு வலப்பக்கம் என்பது வேற்றூர். அதுவும் நோவு வலது முன்னங்காலில் இருந்தால், அந்த முதல் பீப்பாயில் மொத்த எடையும், உன்னையும் சேர்த்து, அந்தக் கால்மேல்தான் போய் இறங்கும்.

இப்போது சேகர் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவரை நன்றாக நினைவிருக்கும். விடிகாலையில் பந்தயக் குதிரைகளுக்கு ஓட்டப்பழக்கம் கொடுத்தவர், உன்னைத் தூக்கிக் குதிரைமேல் வைத்துக் கொட்டிலைச் சுற்றிக் காட்டியவர். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் உன்மேல் சாணி நாற்றம் அடிக்கிறது என்று சொன்னபோது, "எங்க குதிரை தினம் ரெண்டு வேளை குளிக்குது, நீ குளிச்சியான்னு கேளு" என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். நீயும் போய்க் கேட்டுவிட்டு வந்தாய், டீச்சர் உன் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தச் சேகர் மாமா விழுந்தார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். எப்படி விழுந்தார் என்று சொன்னதில்லை.

அவருக்குச் செல்லமான குதிரை ஒன்று பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. சவாரி பழகுகிறவர்களுக்கு ஆகும் என்று ஓர் இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். இவரும் லீவு நாளில் அங்கே போய் அதைப் பழக்கினார். குதிரையும் அவரை அறியும், அவரும் அதை அறிவார். ஒருநாள் ஒரு வளைவில் அது கொஞ்சம் வேகம் எடுத்தது. எந்த மனுஷனும் செய்வதைத்தான் அவரும் செய்தார், கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தார். சாதாரணக் குதிரை நின்றிருக்கும். பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் ஓட வேண்டும் என்றுதான் பழக்கம். அவர் இழுக்க இழுக்க அது ஓடியது. வேலி வந்தது. குதிரை கடைசி நொடியில் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது, அவர் ஒதுங்கவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இரண்டு புளோக் தள்ளித்தான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அவர் மனைவி சரசு அக்காதான் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிடுகிறார். முதுகில் புண் வந்து ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருக்கிறது. போன வாரம் நீ குதிரை வாங்கப்போவதை மாமாவிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பாப்பாவா! என்ன குதிரை அண்ணே?" என்றார். பந்தயத்தில் ஓடிய செவலை என்றேன். முகத்தை மின்விசிறிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, அது என்னைக் கொல்ல நெனைக்கலை. இழுத்தா ஓடணும்னு நாமதானே அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். அது சொன்னபடி செஞ்சுச்சு."

பிறகு, "பாப்பாவும் இழுக்கும்ண்ணே. பயந்தா எல்லாரும் இழுப்பாங்க," என்றார். சரசு அக்கா அடுப்படியிலிருந்து, "அவளை வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. நான் ஒருத்தி போதும்," என்றார்.

இந்தக் கடிதத்துக்கு உயிர் அந்த அக்கா சொன்ன வார்த்தைதான். மற்றதெல்லாம் நான் சுற்றிவளைத்துச் சொல்வது.

அந்தப் பழுப்புக் குதிரையைப் பார்த்து, "ரிட்டையர் ஆன டீச்சர் மாதிரி இருக்குப்பா, போர்லா" என்றாய். ஆமாம். வயிறு கொஞ்சம் தொங்குகிறது, கீழுதடும் தொங்குகிறது, ஓட்டமும் அப்படி ஒன்றும் பறக்கவில்லை. ஆனால் அதை வைத்திருக்கிற பெண், அது வாசலில் நுழைவதைத்தான் முதலில் காட்டியிருக்கிறாள். ஒரு காது முன்னால், ஒரு காது அவள் பக்கம். திமிறவில்லை, பின்வாங்கவில்லை, உள்ளே போவதற்குப் பயப்படவில்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறது. ஓட்டம் முடிந்து அவள் கையைத் தளர்த்தியதும் தானாக நடைக்கு வந்துவிடுகிறது. அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து சுமந்திருக்கிறது, இப்போது அவள் பல்கலைக்கழகம் போகிறாள், அதனால் விற்கிறாள். விற்பதற்கு அதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை. முதல் குதிரை உனக்குக் கற்றுத்தர வேண்டும், அம்மா. உனக்கும் தெரியாமல் அதற்கும் தெரியாமல் இரண்டு பேரும் முழு வேகத்தில் கற்றுக்கொள்ள முடியாது. யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொல்லி முடித்தபோது பாய் எழுதுவதை நிறுத்திவிட்டார். என் போன் மேசைமேல்தான் இருந்தது, செய்தி வந்த மணி அடித்தது, அவர்தான் எடுத்துப் பார்த்தார். "அண்ணே, உங்க மகதான்," என்றார். "என்ன சொல்றா?" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ப்பா, செவலையை எடுத்துட்டேன். வேற ஒருத்தர் பார்க்க வர்றாங்கன்னு சொன்னாங்க, விட மனசு வரல. திட்டாதீங்கப்பா. துரைன்னே பேர் வெச்சுட்டேன்."

வெளியே யாரோ மல்லிகைப்பூ முழம் கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாய், "இத்தோட நிறுத்திக்குவோமாண்ணே? கிழிச்சிடவா?" என்றார். வேண்டாம் என்றேன். எழுதியது எழுதியபடி இருக்கட்டும். நீ படிக்கத்தான் வேண்டும், வாங்கிய பிறகு படித்தாலும் கால் கால்தான்.

திட்டவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் உன்னோடு சேர்த்து எனக்கும் திட்டு விழுந்திருக்கும். வேறு ஆள் வருகிறார் என்று சொல்லி அவசரப்படுத்துவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இனி நடந்ததைப் பேசிப் பயனில்லை. குதிரை உன்னுடையது. அதற்கு நாளைக்கே ஒரு கால்நடை டாக்டரைக் கூப்பிடு, விற்றவருக்குத் தெரிந்தவரை வேண்டாம். வலது முன்னங்காலை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கச் சொல். டாக்டர் சரியில்லை என்று சொன்னால், அழுதுகொண்டே கேள், ஆனால் கேள். அதன் பேரைச் சொல்லி அவரிடம் மன்றாடாதே. அந்தப் பேரை வைத்ததில்தான் எனக்கு வருத்தம். அது அதன் பேர் இல்லை. அது வேறு ஒருத்தரிடம் பிறந்து, வேறு எங்கேயோ ஓடி, வேறு அடிகள் பட்டு வந்த வேறு குதிரை. துரை உன் பிள்ளைப்பருவத்துக் கையை அறிந்தவன், நீ தப்புச் செய்தாலும் அவன் மன்னித்திருப்பான். உன்னை மன்னிக்க இது உன் கையிலிருந்து இன்னும் ஒரு பிடி புல்கூடத் தின்றதில்லை.

எத்தனையோ தடவை கூப்பிட்டாய், "ப்பா, வந்து கொஞ்ச நாள் இருங்க" என்று. குளிர் ஆகாது, இடுப்பு ஆகாது, விமானத்தில் உட்கார முடியாது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன். இப்போது வருகிறேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க நாளைக்குப் பாய் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். "கடையை யாரு பாக்குறது?" என்று கேட்டேன். "அத்தர் வாங்காம ஒரு நாள் யாரும் செத்துற மாட்டாங்க," என்றார். சாங்கியில் எந்த வாசல், அங்கே இறங்கினால் பெட்டி எந்தப் பெல்ட் என்றெல்லாம் எழுதிக்கொடுத்தாலும் எனக்குப் படிக்க வராது, கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். குதிரைகளே தனியாகப் போயிருக்கின்றன.

வந்து நான் ஒன்றும் பெரிதாகச் செய்யப்போவதில்லை. விடியலில் அதன் காலைத் தொட்டுப் பார்ப்பேன். கயிற்றைப் பிடித்து நடத்துவேன், வலப்பக்கமாக, மெதுவாக, அதற்குச் சலித்துப்போகிறவரை. கடிவாளம் இறுகினால் நிற்க வேண்டும் என்பதை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அத்தனை மாதம் எனக்கு இருக்கிறதா என்றும் தெரியாது. சில குதிரைகள் கற்றுக்கொள்வதே இல்லை, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அப்படியானால் அது உன் தோட்டத்தில் புல் தின்றுகொண்டு கிடக்கட்டும், நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ நன்றாக ஓட்டுவாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் சரி என்று சொல்வார்கள், உனக்கும் கை துறுதுறுக்கும், ஒரு சுற்றுதானே என்று தோன்றும். சேகர் மாமாவும் ஒரு சுற்றுதான் போனார்.

நான் வந்து சேரும்வரை அதன்மேல் ஏறாதே, அம்மா.

அப்பா